கழிவுநூல் அடைத்த ஜாக்கெட்

ஓடுகிறோம். பழனி முன்னால். நான் பின்னால். ராமண்ணன் வரவில்லை.

முழங்கால் வரை பனி. ஒரு காலை உருவி எடுத்தால் மறு கால் இறங்குகிறது. பின்னால் எங்கள் போர்வெல் ரிக் வண்டி எரிகிறது. தலைக்கு மேலே ஒரு சீறல். நீளமாக, துணி கிழிகிற சத்தம். பிறகு தொம். காது அடைத்துக்கொள்கிறது. மண் கொட்டுகிறது. அதன்பின் கல். எங்கள் டிரில்லிங் ராடு ஒன்று வானத்தில் சுழன்று போகிறது. மூன்று பேர் சேர்ந்து தூக்குகிற ராடு அது.

"படுங்க மச்சான்! படுத்துக்குங்க!"

படுத்தேன். வாய்க்குள் பனி போனது. நாங்கள் ஓடிக்கொண்டிருந்தது ஓர் ஓடையை நோக்கி. தண்ணீர் உறைந்து கிடந்த ஓடை. அதன் கரை ஆள் உயரம் இருக்கும். அதற்குள் விழுந்தோம். எங்களுக்கு முன்பே அங்கே ஒருவர் இருந்தார். நாங்கள் கிணறு தோண்டிக்கொண்டிருந்த நிலத்தின் சொந்தக்காரப் பெரியவர்.

ஜம்முவுக்கு மேலே, எல்லையோரத்தில், ஒரு மலைக் கிராமம். தை மாதம். செவ்வாய்க்கிழமை. காலை டீ குடித்து முடித்திருந்தோம். இந்தச் சண்டைக்குச் செய்தியில் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. யார் முதலில் சுட்டார்கள் என்பதும் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் ராசிபுரம் பக்கம். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் வண்டி. ராமண்ணன் டிரைவர். நான் டிரில்லர். பழனி ராடு மாட்டுகிற ஆள். என் தங்கை சரசுவின் புருஷன். கல்யாணமாகி அவன் வந்த முதல் வெளியூர் வேலை.

முதல் குண்டு சீறி வந்ததை நாங்கள் கேட்கவே இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. கையைக் காட்டித்தான் பேசுவோம். அன்றைக்கு அப்போதுதான் தண்ணீர் கிடைத்திருந்தது. குழியிலிருந்து பீறிட்டு வந்தது. எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வந்ததும் ரிக் ஆட்கள் அத்தனை பேரும் அதன் அடியில் போய் நிற்க வேண்டும். தலை முதல் கால் வரை நனைய வேண்டும். ஒதுங்கி நிற்கிறவனுக்கு அடுத்த ஊரில் தண்ணீர் கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை. ஆந்திராவில் நின்றிருக்கிறோம். ராஜஸ்தானில் நின்றிருக்கிறோம். சேறும் தண்ணீருமாய் மேலே கொட்டும். வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும்.

இங்கேயும் நின்றோம். பூமிக்குள்ளிருந்து வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஆவி பறந்தது. பழனி கையை விரித்துக்கொண்டு சிரித்தான். நிலத்துக்காரப் பெரியவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்தோம். வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். பனிக்காலத்தில் அப்படி நனைகிற முட்டாள்களை அவர் பார்த்திருக்க மாட்டார்.

முட்டாள்கள் என்று நீங்களும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த ஜாக்கெட்டின் கதையையும் கேளுங்கள்.

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடம். மலைக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் ஸ்வெட்டர் வாங்குவார்கள். அதற்கென்றே கடைகள் உண்டு. வடக்கே வேலை என்று முடிவானதும் முதலாளி எங்களை அங்கேதான் காரில் கூட்டிப்போனார். சமவெளிக்காரனுக்குத் தெரிந்த குளிர் ஏற்காட்டுக் குளிர் ஒன்றுதான். கடைக்காரன் மிலிட்டரிப் பச்சையில் மூன்று ஜாக்கெட் எடுத்துப் போட்டான். புஸ்புஸ் என்று இருந்தன. கழுத்துப்பட்டையில் மைனஸ் டிகிரி தாங்கும் என்று சீட்டு தைத்திருந்தது.

"நம்பி எடுத்துட்டுப் போங்க சாமி. உள்ள ஏதும் போட வேண்டியதில்லீங்க. மழையில நின்னாலும் ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போகாது. பட்டாளத்துக்குப் போற சரக்குங்க."

இந்த வார்த்தைகளை நான் ஒன்றுகூட மாற்றவில்லை. முதலாளி எங்களை அதே காரில் ஏற்காட்டுக்கு ஏற்றிப்போய், ஏரிக்கரையில் நிற்கவைத்து, குளிருகிறதா என்று கேட்டார். குளிரவில்லை. பழனிக்கு வேர்த்தது. அப்படியென்றால் சரி என்று திரும்பிவிட்டோம். சரக்கு தேறிவிட்டது.

உள்ளே பருத்தி பனியன். மேலே அந்த ஜாக்கெட். அதை நம்பித்தான் தண்ணீரில் நின்றோம்.

ராமண்ணன் சிரித்தபடியே கம்ப்ரசரை நிறுத்தப் போனார். அப்போது அவர் நின்ற இடம் மேலே எழுந்தது. சத்தம் எனக்கு அப்புறம்தான் கேட்டது. முதலில் நிலம் எழுந்தது. அவரை அடையாளம் காட்ட அவருடைய வலது கால் செருப்புதான் கிடைத்தது. அவருக்கு வலி தெரிந்திருக்காது. பழனிக்கு அப்படி இல்லை.

ஓடைக்குள் இருக்கிறோம். குண்டு நிற்கவில்லை. ஒன்று விழுந்து ஒரு பீடி பிடிக்கிற நேரம் அமைதி. பிறகு சீறல். பிறகு தொம். மெல்லிய மழை பிடித்தது. மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று. முகத்தில் குத்தியது. காற்று ஓடைக்குள்ளேயே நுழைந்து வந்தது.

ஜாக்கெட் கனத்தது. நெல் மூட்டையைக் கட்டிக்கொண்ட கனம். முழங்கையை மடக்கினேன், தண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் மடக்கவே முடியவில்லை. துணி விறைத்துக்கொண்டது. பழனியின் பற்கள் அடித்துக்கொண்டன. டக டக டக. குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு ஈர மூட்டைகள் கட்டிப்பிடித்துக்கொண்டால் என்ன ஆகும். இருந்த சூடும் போனது.

பெரியவர் நடுங்கவில்லை. அவர் மேல் இருந்ததைப் பார்த்தேன். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று. அதன்மேல் முழங்கையில் ஒட்டுப்போட்ட பழைய ஸ்வெட்டர். அதன்மேல் கணுக்கால் வரைக்கும் கம்பளி அங்கி. எல்லாவற்றுக்கும் மேலே, காற்றுக்கும் மழைக்கும், உரச்சாக்கு பிளாஸ்டிக்கைக் கிழித்து மாட்டியிருந்தார். அத்தனையும் பழசு. அத்தனையும் உலர்ந்திருந்தது.

டக டக நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நடுக்கம் விட்டது, தேறிவிட்டான் என்று நினைத்தேன். பழனி பேசினான். நாக்கு குழறியது.

"மச்சான், வேகுதுங்க. இதக் கழட்டி உடுங்க."

"மாப்ள, தூங்காதீங்க. என்னையப் பாருங்க."

"நம்மூர் வெயிலாட்ட இருக்குதுங்க. ஊட்டுக்குப் போலாங்க."

குளிர் முற்றினால் உடம்பு சுடுகிற மாதிரி தோன்றும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சிப்பை இழுத்தான். விரல் மடங்கவில்லை. பெரியவர் தவழ்ந்து வந்தார். பழனியின் முகத்தைத் தொட்டார். அவர் முகம் மாறியது. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து ஜாக்கெட்டைக் கழுத்திலிருந்து கீழே வரை கிழித்தார். பனியனையும் கிழித்தார். தன் கம்பளி அங்கியைக் கழற்றி அவனைச் சுற்றினார். என் ஜாக்கெட்டையும் உருவிப்போடச் சைகை காட்டினார், அவரும் நானும் அதே அங்கிக்குள் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டோம். பழனி என் பெயரைச் சொல்லவில்லை. சரசு பெயரையும் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்தபடி இருந்தான். நெடுநேரம் கழித்துத்தான் அவன் பார்க்கவில்லை என்று தெரிந்தது. மதியம் தாண்டியிருந்தது. குண்டும் அப்போதுதான் நின்றது.

கிழித்த ஜாக்கெட் என் முன்னால் கிடந்தது. அதன் குடல் வெளியே வந்திருந்தது. நான் தறிக்காரன் வீட்டுப் பிள்ளை. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விசைத்தறிக் கழிவுநூல். லுங்கிக் கரை வெட்டிய துண்டுகள், நீலமும் சிவப்பும். பனியன் கம்பெனி வெட்டுத்துண்டு. துண்டு ஓரம் நறுக்கிய குஞ்சம். எங்கள் ஊர்த் தறிக்கூடங்களில் எண்ணெய் துடைத்துவிட்டு வாசலில் எறிகிற சரக்கு. அத்தனையும் பருத்தி. அத்தனையும் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. வெளித்துணி குடைத்துணி மாதிரி மினுக்குமே தவிர தண்ணீரை நிறுத்தாது. எங்கள் ஊர்க் குப்பையை எங்களுக்கே விற்று எல்லைக்கு அனுப்பியிருக்கிறான்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ ஒன்று முடிவானது. அழுகை அப்புறம் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது. அது இன்னும் போகவில்லை. போக நான் விடவும் இல்லை.

ராணுவத்தார் வந்து தூக்கிப்போனார்கள். முகாம் மருத்துவர் சைகையில் கேட்டது ஒரே கேள்வி. உள்ளே என்ன போட்டிருந்தாய். என் பனியனைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார். என் வலது கையில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. எடுத்துவிட்டார்கள்.

பழனியைப் பெட்டியில் கொண்டுவந்தேன். எரித்தோம், சாம்பலுக்குப் பால் தெளித்துக் காடாற்றினோம். மறுநாள் சரசு கேட்டாள்.

"அந்த ஜாக்கெட்டு எங்கண்ணா?"

"கொண்டாந்திருக்கறேன்."

"கடை எங்க இருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை. கொண்டப்பநாயக்கன்பட்டி. மலைக்குப் போகிற கார்கள் வரிசையாக நிற்கின்றன. கடை வாசலில் அதே பச்சை ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. கடைக்காரனுக்கு என்னை நினைவில்லை. சொன்னேன். முகம் வெளுத்தது. பிறகு சுதாரித்துக்கொண்டான்.

"ஏனுங்க, நானா குண்டு போட்டேன்? சண்டையில செத்ததுக்கு எங்கடைக்கு வந்தா எப்படிங்க?"

"குண்டு போட்டவன் மொகம் எனக்குத் தெரியாதுங்க. உங்க மொகம் தெரியுமுங்க" என்றேன்.

சரசு வெளியே போனாள். பக்கத்து டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கினாள். நடுக்கடையில் வைத்தாள். பழனியின் கிழிந்த ஜாக்கெட்டை அதில் முக்கினாள். துணி எடுக்க வந்தவர்களின் கையில் அதைச் சொட்டச் சொட்டக் கொடுத்தாள்.

"இதக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. எம்புருசன் இதப் போட்டுக்கிட்டுத்தான் செத்தாரு."

தூக்கிப் பார்த்தவர்கள் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்த ஞாயிறும். அவன் போலீஸைக் கூப்பிட்டான். வந்த ஏட்டு ஜாக்கெட்டை வாளியிலிருந்து தானே தூக்கிப் பார்த்தார். கடைக்காரனைப் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். சமாதானம் பேச ஆள் வந்தது. அனுப்பிவிட்டோம். கடைசியில் அவன் பெண்சாதியே எங்கள் ஊருக்கு வந்து சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்லயும் புள்ளைங்க இருக்குதுங்கம்மா. பொழப்பு போச்சுங்க."

"உசுரோட தான இருக்குதுங்க" என்றாள் சரசு. கையை விடுவித்துக்கொண்டாள். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அவளுக்கு இல்லை. அவள் செய்ததுதான் சரி.

பெரியமனசு பண்ணி விட்டுவிடச் சொல்கிறார்கள் ஊரில். அவனும் எங்கோ மூட்டையாக வாங்கி விற்றவன்தானே, தைத்தவன் வேறு ஆள்தானே என்கிறார்கள். தைத்தவனையும் தேடிக்கொண்டிருக்கிறோம். மனசு பெரிசாவதற்குள் இன்னொரு வண்டி வடக்கே கிளம்பிவிடும். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் போகாத மாநிலம் இல்லை. நாமக்கல் லாரி ஏறாத மலை இல்லை.

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காசு இல்லை என்பதற்காகச் சாக வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் உடம்பில் இருந்தது எதுவும் விலை கூடியது இல்லை. ஒரே பெரிய ஜாக்கெட்டை நம்பாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று போடுங்கள். உடம்போடு ஒட்டுகிறது பருத்தியாக இருக்கக் கூடாது. நம் ஊரில் பருத்தி தெய்வம். அங்கே நனைந்தால் எமன். வேர்வையே போதும் அதை நனைக்க. உள்ளே மெல்லிய கம்பளியோ வேர்வை பிடிக்காத துணியோ போடுங்கள். நடுவில் ஸ்வெட்டர், பழசானாலும் கம்பளியா என்று பாருங்கள். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள், கம்பளியானால் முடி கருகுகிற வாடை வரும். வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஒன்று, அது உரச்சாக்காக இருந்தாலும் பரவாயில்லை. கடையில் எடுத்ததும் தண்ணீரில் முக்கித் தரச் சொல்லுங்கள். முக்க விடாதவன் கடையில் வாங்காதீர்கள். குழியில் தண்ணீர் பீறிட்டு வந்தால் தள்ளி நில்லுங்கள். அந்த வழக்கத்தை நான் இருக்கிற வண்டியில் ஒழித்துவிட்டேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டிக் கடை கோடைக்கு முன்பே மூடிவிட்டது. ஷட்டரில் வாடகைக்கு என்று எழுதிப் போட்டார்கள். கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் போகிறவர்களை நம்பி அவன் தம்மம்பட்டியில் புதுக்கடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். அங்கேயும் பஸ் போகிறது. போனோம். எங்களைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதிக்கு இழுத்தான். சரசு குனிந்து உள்ளே போனாள்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ராமண்ணன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர். குண்டில் செத்தார். ஒரு ரிக் வண்டி, ஒரு கம்ப்ரசர், ராடுகள் மொத்தமும். நிலத்துக்காரப் பெரியவரின் எருமைகள் இரண்டு, வீட்டின் ஒரு பக்கச் சுவர். கிடைத்த தண்ணீர். கிணறு தூர்ந்துவிட்டது. அந்த ஊரில் ஒருவரும் அதில் ஒரு வாய் குடிக்கவில்லை. என் இரண்டு விரல்கள். பழனி. குண்டு அவன் மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை. அவனைக் கொன்றது ஜாக்கெட். சரசு வயிற்றில் இருந்தது, அவன் பெட்டி வந்து இறங்கிய அன்றே கலைந்தது.

கடைக்காரன் இழந்தது, இன்றைய தேதிக்கு, தம்மம்பட்டியையும் சேர்த்து இரண்டு கடைகள். எங்களுக்கு அது போதவில்லை.