கூலாவுக்காகத் தூக்கிய வண்டி

நாள் கிழமையெல்லாம் எனக்குச் சரியாக நினைவில் நிற்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலாய் தன் பிக்கப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தது உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பித்த வாரமா, தோண்டி முடித்த வாரமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முடித்த வாரம் என்றுதான் நினைக்கிறேன். அவன் நகக்கண்ணில் மண் இருந்தது. ஆனால் அவன் நகத்தில் எப்போதும் ஏதாவது இருக்கும். நான் தப்பாகவும் சொல்லலாம். உங்கள் காவல் நிலையத் தேநீர் நன்றாக இருக்கிறது. பாலோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்டிருந்தால் வீட்டில் குடித்த மாதிரி இருந்திருக்கும்.

தாலாய் எனக்குச் சகலை. என் மனைவி பூருலின் தங்கையைக் கட்டியவன். வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். குதிரைமேல் இருந்தபடியே ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் எங்கள் பக்கத்தில் அவனுக்கு நிகர் யாருமில்லை. அவன் குதிரையின் பெயர்தான் கூலா. அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. எனக்கும் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"சகலை, கூலாவை ஏத்துனா வண்டி அப்படியே குந்திடுது. முன்விளக்கு ரெண்டும் நிலாவைப் பாக்குது. எதிர்ல வர்றவன் என் அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டிட்டுப் போறான்."

"கூலாவைக் குத்தம் சொல்லாத. உன் கமான் பட்டைங்க செத்துப்போச்சு."

"செத்ததை எழுப்பி விடுங்க. அதுக்குத்தானே பொண்ணு வீட்ல உங்களை மூத்த மாப்பிள்ளையா வச்சிருக்காங்க. பின்னாடி நல்லா ஒசரணும். தலாஸ் வரைக்கும் போகப்போறேன்."

"தலாஸ்ல என்ன?"

"கூலாவை விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்திருக்கான். குதிரை ஆட்டத்துல பெரிய அணி வச்சிருக்கவன். இங்க மேஞ்சு என்ன ஆகப்போகுது, அங்க போனா ராஜா மாதிரி இருக்கும்."

நான் குனிந்து வண்டிக்கு அடியில் பட்டைகளைத் தட்டிப் பார்த்தேன். பொதுவாகவே நான் பேசுகிறவன் இல்லை. அதனால் அவனுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

கூலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பிடரி. அதைப் பெற்றதும் தாய் செத்துப்போனது. மாமனார் கென்ஜெபெக் குட்டியைக் கைகழுவிவிடத்தான் இருந்தார். நான் தூக்கிக்கொண்டு வந்து, பட்டறையில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் வைக்கோல் பரப்பி, புட்டியில் பால் கொடுத்து வளர்த்தேன். பால் தீர்ந்த பிறகும் என் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டே நிற்கும். என் சட்டைகளில் வலது கை மட்டும் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது வேறு விஷயம், இதோடு சேர்க்க வேண்டாம்.

அது வளர்ந்து நின்றபோது மாமனார் அதைத் தாலாய்க்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தார். "உனக்கு இரும்பு இருக்கு மாப்ள, அவனுக்குச் சேணம் மட்டும்தானே இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பரவாயில்லை, ஒரே தெருதானே. தினமும் மேய்ச்சலுக்குப் போகும்போது பட்டறை வாசலில் நின்று என் சட்டைக் கையைத் தேடிவிட்டுத்தான் கூலா போகும். எனக்கு அது போதும். தலாஸுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். குறையில்லாத வேலை. பின்சக்கர அச்சுக்கு மேல் வில்லாக வளைந்த கமான் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள், வண்டியின் பாரம் அதில்தான் உட்காரும். தாலாயின் பட்டைகள் தட்டையாகப் படுத்துவிட்டன. நாரின் நகரத்திலிருந்து கனமான புதுப் பட்டைகள் வரவழைத்தேன். பழைய கட்டைப் பிரித்து, தடித்த பட்டைகளை ஏற்றி, புது யூ-போல்ட் போட்டு முறுக்கினேன். ஜாக்கியை இறக்கியதும் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது.

தாலாய் சுற்றிச் சுற்றி வந்தான். "முட்ட வர்ற கிடா மாதிரியே நிக்குது சகலை. இனிமே இதுக்குக் கொம்பு ஒண்ணுதான் பாக்கி" என்றான்.

இப்போது உங்கள் ஆள் பட்டறை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்துவந்த அந்த இரும்புத் துண்டு. உள்ளங்கை அளவுதான். பின் அச்சிலிருந்து வண்டியின் உடம்புக்கு ஒரு கம்பி போகும். அதன் முனையில் பிரேக் வால்வு. பாரம் ஏறி உடம்பு தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளும், பின்சக்கரங்களுக்கு பிரேக் அதிகம் போகும். உடம்பு உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று வால்வு எண்ணிக்கொள்ளும், பின்னால் பிரேக்கைக் குறைத்துவிடும். ஆகவே பின்பக்கத்தைத் தூக்குகிறவன் அந்தக் கம்பியையும் ஒரு துண்டு வைத்துத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மலையையே ஏற்றினாலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். முன் பிரேக் மட்டும் தனியாக இழுத்து, இறக்கத்தில் சிவக்கச் சூடாகி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும்.

அந்தத் துண்டை நான் வெட்டினேன், துளையிட்டேன், கறுப்புப் பெயிண்டும் அடித்தேன். காயட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். பிறகு மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். மறதிக்காரன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் கேட்ட ஒரு கேள்வி சரியான கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலாவை வண்டியிலிருந்து நான் ஏன் இறக்கினேன் என்பது.

தலாஸ்காரனின் ஆள் நாரின் சந்தைக்கு வருவதாக இருந்தது. அவனிடம் காட்டலாம் என்று தாலாய் கூலாவை ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினான், நன்றி சொல்வதற்காக. சந்தைக்குப் போகிற வழி கணவாய் ஏறி, அந்தப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும். நான் கூலாவின் முன்காலைத் தூக்கிப் பார்த்தேன்.

"லாடம் ஆடுது. இப்படியே நிக்க வச்சு எறக்கத்துல கொண்டுபோனா கால் பிசகிடும்."

"அய்யய்யோ. அந்த ஆள் காத்துட்டு இருப்பானே சகலை."

"அடுத்த வாரம் வரச்சொல்லு. இன்னிக்கு உன் கிழங்கு மூட்டையை ஏத்திக்கிட்டுப் போ. பட்டை எப்படித் தாங்குதுன்னும் தெரிஞ்சுடும். நிறையவே ஏத்து."

லாடம் ஆடவில்லை. அதை நான் அடித்தது. என் லாடம் ஆடாது.

மூட்டைகளை ஏற்ற நானும் கை கொடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டுப் பூருல் வெளியே வந்தாள். தயிர் உருண்டைகளைக் காயவைத்துப் பை நிறைய வைத்திருந்தாள்.

"ஏங்க, வண்டி சந்தைக்குத்தானே போகுது. நானும் போய் இதை வித்துட்டு வந்துடறேன்."

"அடுத்த வாரம் போயேன்."

"அடுத்த வாரம் குதிரை பேரம் நடக்கும், என்னை யார் கூட்டிட்டுப் போவாங்க?"

தாலாய் கதவைத் திறந்துவிட்டான். "ஏறுங்க அக்கா. இவர் உங்களை வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிடுவாரு. குதிரைன்னா கூட வெளிய விடுவாரு."

பூருல் சிரித்துக்கொண்டே ஏறினாள். நான் என்ன காரணம் சொல்லி அவளை இறக்குவது, சொல்லுங்கள். ஒன்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். வண்டி நகரும்போது அவள் சால்வையை மறந்துவிட்டது தெரிந்தது. உள்ளே ஓடி எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கணவாயில் காற்று அதிகம். நான் அவளை எப்படி வைத்திருந்தேன் என்று இதிலிருந்தே உங்களுக்குத் தெரியும்.

வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு கூலாவை எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் பழைய இடத்தில் கட்டினேன். தலையை நுழைக்க இடம் போதவில்லை. ஆனாலும் நின்றது. அன்று மத்தியானம் வரைக்கும் நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை.

இறக்கத்தின் மூன்றாவது வளைவில் வண்டி நிற்கவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஆள் இறந்துபோனால் எங்கள் பக்கத்தில் ஒரு குதிரையை அறுத்துத்தான் வந்தவர்களுக்குச் சோறு போடுவோம். அதையும் நான் யோசிக்காமல் இல்லை. மாமனாரின் கொட்டிலில் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை நிற்கிறது, மலடு. அதைத்தான் அறுப்பார்கள் என்று, பட்டையை மாட்டும்போதே கணக்குப் போட்டிருந்தேன். ஆகவே மறதி என்று சொன்னதை அடித்துவிடுங்கள். நான் தெரிந்தேதான் செய்தேன்.

ஆனால் மாமனார் முற்றத்தில் எல்லோர் முன்னாலும், "அவன் குதிரை அவனோடயே போகட்டும்" என்றார்.

"மாமா, சாம்பல் பெட்டை சும்மாதானே நிக்குது" என்றேன்.

"என் மருமகனுக்கு மலட்டுக் குதிரையா? போய்க் கயித்தைப் பிடி மாப்ள. உன்கிட்டதான் அது அடங்கும்."

அடங்கியது. படுக்க வைக்கும்போதும் என் சட்டைக் கையைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பந்தியில் மூத்த மாப்பிள்ளை என்று நல்ல எலும்பாகப் பார்த்து என் முன்னால் வைத்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டேன்.

தாலாயை மேட்டுப் பக்கம் புதைத்தாயிற்று. அவன் மனைவி அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். பூருல் பிழைத்துவிட்டாள், இனி நடக்கமாட்டாள் என்கிறார்கள். நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள், சால்வையைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டாள். சாம்பல் பெட்டை கொட்டிலில் தின்றுகொண்டிருக்கிறது. பிக்கப் உங்கள் முற்றத்தில் கிடக்கிறது. முன்பக்கம் நசுங்கிவிட்டது, ஆனால் பின்பக்கம் இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது, பார்த்தீர்களா.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் வந்தேன், ஒரு புகார் கொடுக்க. நீங்கள்தான் வண்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு தப்பும் செய்யாத உயிரை அறுத்துக் கொன்றிருக்கிறார்கள். என் மாமனார் கென்ஜெபெக் என்று பெயரைப் போட்டு, அதை முதலில் எழுதுங்கள்.