விட்டுப்போன துடிப்பு

— மூக்கை உறிஞ்சாதம்மா. பக்கத்து பெட்காரர் எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பதறப் போறாரு.

— சிரிக்காதீங்கப்பா. தையல் இழுக்கும்.

— இழுக்கட்டும். நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வச்சாச்சு, இனி இந்த பஸ் டிரைவருக்கு ஏது பிரேக்டவுன்? எல்லாம் என் பொண்ணு செஞ்ச மெஷின் புண்ணியம்.

— அந்தப் புண்ணியத்தைத்தான் நான் கெடுக்கப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா உங்களை உக்கார வச்சு ஈசிஜி எடுத்தேனே, கூடப் படிக்கிறவங்களுக்கெல்லாம் கோடு ஒழுங்கா வந்துச்சு. உங்களுக்கு மட்டும் நடுநடுவுல ஒரு துடிப்பைக் காணோம்.

— நான் ஆடுறேன்னு திட்டினியே!

— அப்புறம் வயரைத் திட்டினேன். கடைசில, விட்டுப்போன இடத்தையெல்லாம் தானா நிரப்புற மாதிரி ப்ரோகிராம் எழுதிட்டேன். கோடு அழகா வந்துச்சு.

— அடேயப்பா, அன்னிக்கு நீ குதிச்ச குதி! கீழ்வீட்டுக்காரங்க ஏறி வந்துட்டாங்க.

— உங்க நெஞ்சு சொன்னதை அழிச்சிட்டுக் குதிச்சிருக்கேன்பா. எங்க ப்ராஜெக்ட் மேடம் மட்டும் ‘அழிக்காத பதிவைக் காட்டு’ன்னு கேக்கலன்னா? பாத்ததுமே ‘இது யாரு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ’ன்னு கத்திட்டாங்க. நாலு வருஷம் பயோமெடிக்கல் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்? நாளைக்கு ப்ராஜெக்ட் வைவா பரீட்சைக்குப் போகமாட்டேன். இந்தப் படிப்பே வேணாம்.

— அழிக்காத பதிவை யாரு எடுத்து வச்சது?

— நான்தான். அது எங்க வழக்கம்பா. எதைத் திருத்தினாலும் பழசைத் தூக்கிப் போடக்கூடாது.

— அந்த வழக்கத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும். கிட்ட வா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே. அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் உன் படிப்புக்காக நான் உக்காரல.

— பின்னே?

— அப்பப்ப கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. டாக்டர்கிட்ட போனா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்களோன்னு பயம். சரி, நம்ம புள்ள மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்னு உக்காந்தேன். நீ ‘மெஷின்தான் கோளாறு’ன்னு சொல்லச் சொல்ல, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

— ஐயோ அப்பா! பஸ்ல அத்தனை பேரு...

— அதாம்மா. நீ தெரியாம அழிச்சே, நான் தெரிஞ்சே மறைச்சேன். டிப்போல நான் உள்ளதைச் சொல்லிடுறேன், நீ நாளைக்கு வைவாவுக்குப் போய், நிரப்பின கோடு, நிரப்பாத கோடு ரெண்டையும் காட்டு தாயே. என் பஸ்ல ஏறினவங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே நீ படிச்ச படிப்பாலதான்.