கரும்பு வெட்ட வந்தவர்களின் எண்கள்

காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். விழுப்புரத்தில் இந்த நேரத்துக்கு இவ்வளவு சூடாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே வேலைதான். பெண்ணையாற்றில் தண்ணீர் திறக்கப்போவதாகத் தகவல் வந்தால், கரையோரம் இருப்பவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவோம். அதற்கான புரோகிராமை எழுதியவன் என் மகன் சேரன். கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஓடும். அவன் இறந்த பிறகும் பிசகில்லாமல் ஓடியது. எங்கள் குடும்பத்தார் செய்த வேலையை இன்னொருவர் திருத்த வேண்டி வந்ததில்லை.

இந்தப் பருவத்தில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்ட வந்தவர்கள் ஆற்றோரம் கொட்டகை போட்டார்கள். அவர்களுடைய எண்களையும் சேர்த்தோம். அன்றிலிருந்து, ஒரு செய்திகூடப் போகாமல் புரோகிராம் நின்றது. மெமரி வரம்பு தாண்டிவிட்டதாகத் திரையில் எரர்.

சேரனின் மனைவி, என் மருமகள் சூர்யகலா, உட்கார்ந்து பார்த்தாள்.

"மொத்த நம்பரையும் ஒரே மூச்சுல மெமரில ஏத்திக்கினு திணறுது மாமா. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அனுப்புற மாதிரி மாத்திடுறேன்."

"சேரன் எழுதினதுல கை வைக்காத."

"அவரு எழுதினது என்ன கல்வெட்டா? சரி, அத விடுங்க. ஓட்டும்போது மெமரி லிமிட்டையாவது ஏத்திக்கலாம். தட்டுற வரியிலயே சேத்துட்டா போதும்."

"இத்தன நாளா அந்த லிமிட்டுக்குள்ளதான ஓடிச்சு?"

யோசித்துப் பாருங்கள். புரோகிராமில் குறை இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். புதிதாக வந்தது அந்த எண்கள்தான். அவள் கோலியனூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவற்றை நீக்கினேன். எரர் போய்விட்டது.

சோதனைச் செய்தி அனுப்பிய அன்று, வெட்டு ஆட்களின் மேஸ்திரி வல்லரசு போன் செய்தார்.

"ஐயா, எங்காளுங்க ஒருத்தருக்கும் மெசேஜ் வர்லீங்களே. தண்ணி வந்தா எங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

"வரும்," என்றேன்.

"தண்ணிய சொல்றீங்களா, மெசேஜ சொல்றீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தண்ணீர் திறந்த அன்று புரோகிராம் முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. கரையோர ஊர்கள் எல்லாம் மேட்டுக்குப் போய்விட்டன. வல்லரசுவின் எண் என் போனில் இருந்தது. வெள்ளம் அங்கே போய்ச்சேர நேரமும் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், மெசேஜ் ஏன் வரவில்லை என்று கேட்பார். என்ன சொல்வது? போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வல்லரசு, அவர் மனைவி பாஞ்சாலி, கொட்டகைகளில் இருந்த மற்றவர்கள், எல்லாருடைய சாவுக்கும் நான்தான் காரணம். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால், வாக்குமூலத்தின் மேலே புரோகிராம் பழுது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். அன்று அதில் ஓர் எரர்கூட வரவில்லை.