மக்லியோட் எந்த ஊர்?

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். சிட்னியில் இரண்டு வீடு கட்டியவன். ரயிலில் யார் பேசினாலும் என் காதுக்குத் தப்பாது. எழுபதுகளில் ஒருநாள், வென்ட்வேர்த்வில்லில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி ஏறி என் முன்னால் இருந்தார்கள். மகள் விரும்பிய வெள்ளைக்காரப் பையன் வீட்டுக்கு முதல்தடவையாகப் போகிறார்களாம்.

“மெரிலேண்ட்ஸ் இறைச்சிக்கடைக்காரனிட்டப் பொடியனைப் பற்றி விசாரிச்சனான்,” என்றார் கணவர்.

“அவனுக்கு என்ன தெரியும்?”

“பொடியன்ர குடும்பம்போல அவனும் மக்லியோட். ஒரே பேர், சொந்தமெண்டு நினைச்சன். பொடியனைத் தெரியாதாம். கனடா, நியூசிலாந்து எல்லா இடமும் மக்லியோட்மாராம். ஆனா அடி ஸ்கொட்லாந்தில ஸ்கை எண்ட தீவாம். காணிக்காரர் செம்மறி வளர்க்கச் சனத்தை எழுப்பிவிட, சிதறிப் போச்சினமாம்.”

மனைவியின் முகம் சுருங்கியது. “தீவாரோ?”

“ஏன், நானும் புங்குடுதீவான்தானே! அதுக்காகத்தான் எங்கட கலியாணவீட்டில உம்மட அம்மா என்ர அம்மாவோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை.”

மனைவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஸ்டேஷன் போயிற்று.

“போனவுடன நான் பொடியன்ர தாயோடதான் முதல்ல கதைப்பன்,” என்றார் மனைவி. “இங்கிலீசு வராட்டி நீங்கள் சொல்லித் தாங்கோ.”