அப்பாவின் கல்லறையில் ஒரு டப்பா

கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றால் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் நெருங்கட்டும் என்று காத்திருந்தால் எல்லாம் கரைந்து ஓடிவிடும். வானூர் பக்கம் எங்கள் ஊர்க் கோவிலில் பங்குச் சாமியாருக்கு ஒத்தாசையாக இருபத்தெட்டு வருடமாக உபதேசியாராக இருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நீங்கள் கேட்டது ஞானமேரியம்மாவைப் பற்றி. வருகிறேன் ஐயா. சுண்ணாம்பிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

எங்கள் கல்லறைத் தோட்டம் பழையது. பிரெஞ்சுப் பட்டாளம், இங்கிலீஷ் பட்டாளம் என்று இரண்டிலும் இருந்த ஏழு வீரர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் என் அப்பா சவுரிராயன். பர்மா யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். 1993-இல் நான்தான் அவருக்குக் கல் வைத்தேன். ‘பர்மாப் போரில் பதினொரு எதிரிகளை வீழ்த்திய மாவீரர்’ என்று வெட்டச் சொன்னேன்.

தோட்டத்தில் இடம் போதாமல் போயிற்று. பழைய கல்லறைகளை இடித்து, அதே குழியில் புதுப் பிணத்தை வைப்பது என்று 2008-இல் கமிட்டி முடிவெடுத்தது. வீரர்களை மட்டும் விட்டுவைக்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும் என்றார்கள். நான் கல்லைக் காட்டினேன்.

“நீயே வெட்டி வெச்ச கல்லு ஆதாரமா ஆயிடுமா பாக்கியசாமி?” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் பேரும் இடிக்கிற பட்டியலில் ஏறியது.

அடுத்த வருடம் இரும்பையில் வாடகைக்கு இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் எங்காவது டப்பா ஒன்றை ஒளித்துவைத்து, இடத்தின் கணக்கை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கையில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பேரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் தோட்டத்தில் ஒன்று வைக்க என்னிடம் அனுமதி கேட்டார். நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டில் கல்லுக்கு அடியில் டப்பாவை வைத்தார்.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் அப்பா முன்னால் மண்டி போட்டார்கள், கல்லுக்கு அடியில் கைவிட்டார்கள், எதையோ எழுதி உள்ளே வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? வேண்டுதல் சீட்டு எழுதிப் போடுவது எங்கள் ஜனத்துக்குப் பழக்கம்தானே. ஒரு மாதத்தில் டப்பா நிரம்பிவிட்டது.

நான் திருத்தியிருக்கலாம். சீட்டுகளைப் படித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு பையன் பாஸாக வேண்டும் என்று கேட்டிருந்தான், பாஸானான். கவிதாவின் ஆடு காணாமல் போயிருந்தது. நான் மூன்று நாள் அலைந்து பிடித்து வந்து, விடியற்காலையில் அவள் வீட்டு வாசலில் கட்டினேன். தெருநாயின் தொல்லை தாங்கவில்லை என்று வீரம்மாள் எழுதியிருந்தாள். அது மறுவாரம் குரைக்கவில்லை. வீரம்மாள் கோவிலுக்கே வராதவள், அப்பாவுக்கு ஒரு முறம் மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து வைத்தாள். நிறைவேறிய சீட்டுகளில் சிவப்புப் பேனாவால் டிக் போட்டு அதிலேயே வைத்தேன். அடுத்து எழுதுகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமல்லவா? கமிட்டி அப்பாவின் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தது.

இந்த வருடம் ஆறு மாதமாக ஒன்றும் சரியாக அமையவில்லை. வேலை கேட்டார்கள், குழந்தை கேட்டார்கள். நான் என்ன செய்ய முடியும்? “தாத்தாவுக்குப் பவரு போயிடுச்சிங்க” என்று என் காதுபடவே பேசினார்கள். கல்லறைத் திருநாள் முடிந்ததும் பட்டியலை மறுபடி பார்ப்போம் என்றார் தலைவர். அந்தச் சமயத்தில்தான் ஜாக்குலின் சீட்டு வந்தது. ‘அத்தையை சீக்கிரம் எடுத்துக்குங்க தாத்தா. என்னால முடியல.’

பாவம் அந்தப் பெண். மாமியார் ஞானமேரியம்மா நான்கு மாதமாகப் படுக்கை. பகலெல்லாம் கடையில் வேலை, வந்தால் பீத்துணி. கேட்டதில் தப்பே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம், ஜாக்குலின் கடையில் இருக்கும்போது போனேன். நோயாளிகளைப் பார்ப்பது என் கடமை.

“உபதேசியாரே, தலகாணி எறங்கிக்கினே போவுது, கொஞ்சம் தூக்கி வைங்க” என்றார் ஞானமேரியம்மா.

சரிசெய்தேன். சற்று அதிக நேரம் சரிசெய்தேன். அதற்கு முன்பு ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சேர்ந்தே சொன்னோம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாமியார் ஊரில் இல்லாததால் அடக்க ஜெபமும் நான்தான் சொன்னேன். அப்பாவுக்குப் பக்கத்திலேயே நல்ல இடமாகக் கொடுத்தோம். வந்து சீட்டில் டிக் போட்டேன்.

கல்லறைத் திருநாளன்று ஞானமேரியம்மாவின் மகள் வெனிலா வேண்டுதல் போட வந்து, அண்ணியின் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். ஊரே கூடியிருந்த இடத்தில் ஜாக்குலினை மயிரைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் வந்தீர்கள், தோண்டினீர்கள், அவளைத் திண்டிவனத்தில் அடைத்துவைத்திருக்கிறீர்கள். அவள் எழுதத்தான் செய்தாள் ஐயா. அவளை விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

அவளுக்கு உதவும் என்றால் இதையும் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையிலேயே இருந்ததால் கொஞ்சம் வேர்வை பட்டிருக்கிறது. அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் ஜாக்குலின் என்னிடம் வந்தாள். “கோவத்துல எழுதிட்டேங்க. அந்தச் சீட்ட எடுத்துக்கினு போயிடறேன்” என்று அழுதாள். போட்ட சீட்டை எடுக்கக் கூடாதம்மா, வேண்டுமானால் இன்னொன்று எழுதிப் போடு என்றேன். எழுதிப் போட்டாள். ‘தாத்தா, அத்தை இருக்கட்டும். நானே பாத்துக்கறேன்.’ சாயங்காலம் நான்தான் எடுத்தேன். படித்துவிட்டுத்தான் மறுநாள் போனேன். இருக்கிறவர் இருப்பதை யார் அற்புதம் என்று சொல்லப்போகிறார்கள்?

டப்பாவுக்குப் பொறுப்பு நான் என்று வீட்டைச் சோதித்தபோது, அப்பாவின் பட்டாளத்துக் காகிதங்களை என் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள், பார்த்தேன். பர்மாவில் அவருக்குச் சமையல்கட்டு வேலைதான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஒருவரையும் கொன்றதில்லை. மற்றதையெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் எழுத வேண்டாம் ஐயா. கமிட்டிக்குத் தெரிந்தால் கல்லறையை எடுத்துவிடுவார்கள்.