சுத்தியல் நீதிபதி சொல்லாத தீர்ப்பு

மேடையில் வீற்றிருக்கும் தயாரிப்பாளர் அவர்களே, இரங்கல் கூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத இயக்குநர் அவர்களே, கண்ணீரோடும் கைபேசியோடும் வந்திருக்கும் பெருமக்களே! ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன். மாலை போட்ட இந்தப் படத்தின் மீது ஆணை!

உண்மை வழக்குகளை வைத்து இவர்கள் எடுக்கும் டிவி தொடரில் நீதிபதியாக நடித்த என் தங்கை கணவர், 'சுத்தியல் நீதியரசர்', மறைந்துவிட்டார். எப்பேர்ப்பட்ட நடிகர்! எந்த நீதிமன்றத்தில் நீதிபதி சுத்தியலால் அடிக்கிறார்? இவர் அடித்தார். எத்தனை மேசைகள் விறகாயின! "ஆர்டர்! ஆர்டர்!" என்று இவர் கத்தினால் எங்கள் தெருவில் குக்கர்கூட விசிலடிக்காது. நடிப்பா? அதை அவர் முகத்தில் தேடிப் போன கேமராக்கள் இன்னும் திரும்பவில்லை. ஒரே தும்மலை மூன்று கோணத்தில் காட்டி ஒரு வாரம் ஓட்டிய மகான்!

தொடரில் இப்போது ஓடுவது நர்ஸ் வழக்கு. விஷ ஊசி போட்டதாகப் பழி சுமந்த பெண்ணை நிஜ நீதிமன்றம் குற்றமற்றவள் என்று விடுவித்தது. இந்த மேதைகளோ பெயரை மாற்றினார்கள், புடவையை மாற்றினார்கள், கடைசியில் தீர்ப்பையே மாற்றினார்கள். தூக்காம்! விடுதலை என்றால் விளம்பரம் வராதாம். பெயரை மாற்றியும் ஊருக்கு ஆள் தெரியாதா? "சீரியல்ல பாத்தோமே, நீதானே அது?" என்று எந்த மருத்துவமனையும் அவளுக்கு வேலை தரவில்லை.

தீர்ப்புக் காட்சிக்கான வசனத்தைப் படித்த மாப்பிள்ளை சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு கோர்ட்டுல ஜெயிச்சவய்யா. என் வாயால தூக்கு வராது."

"சார், உண்மைச் சம்பவத்தைத் தழுவினதுன்னுதானே போடுறோம்?" என்றார் இயக்குநர்.

"தழுவு, யாரு வேணாங்கறா? கழுத்தை நெரிக்காதே!"

அங்கியைக் கழற்றிவிட்டு வீடு வந்தவர், மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார். மாலை வாடவில்லை, தயாரிப்பாளர் என்னிடம் வந்தார்: "மாமா, உங்களுக்கும் அதே வழுக்கை, அதே மீசை. அந்தத் தீர்ப்பை மட்டும் படிச்சுக் குடுத்துடுங்க." ஆகா, என்ன ஒரு துக்க விசாரிப்பு!

படிக்கிறேன் ஐயா! மாப்பிள்ளை விட்ட பணியைத் தொடர இந்தச் சபையில் உறுதி ஏற்கிறேன். ஸ்டூடியோ எதற்கு? இதோ, இங்கேயே படிக்கிறேன். கைபேசிக்காரர்களே, நன்றாகப் படம்பிடியுங்கள்! கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த நர்ஸ் குற்றமற்றவள். நிமிர்ந்து உட்காரம்மா!

மேசை விறகானது, குக்கர் அடங்கியது எல்லாம் என் கைச்சரக்கு. அந்த மனிதர் சுத்தியலைக் கீழே வைத்தாரே, அது மட்டும் உண்மை.