காபி உருண்டையும் மூன்றாம் ஓலையும்

டிகாக்‌ஷன் ஆறாமல் கேக்கில் ஊற்றினால் உருண்டை பிடிக்க வராது. கையோடு ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தது என் மகள் தபீதாள். எழுத்தும் அவள் தந்ததுதான். அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா, ரைட்டர் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெபதாஸ். சித்தூரில் ஒரு ரொட்டிக் கடையில் விறகு பிளக்கிறேன், மாவு பிசைகிறேன். உடைந்த கேக்கை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் முதலாளி அதை எனக்குத் தருவார். வீட்டில் தபீதாள் அதை உதிர்த்து, கெட்டி டிகாக்‌ஷனும் வெண்ணெயும் விட்டுப் பிசைவாள். எலுமிச்சை அளவுக்கு உருட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பாள். தண்ணீர்ப் பானையடியில் ஈர மணலில் தட்டை வைத்தால் மேல்பூச்சு இறுகிவிடும். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில், பலகையில் மாவைப் பரப்பி, என் விரலைப் பிடித்து எழுத வைப்பாள். முதலில் எழுதப் பழகியது அவள் பெயர். அவளுக்குத் தாய் இல்லை. எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை.

திருப்பதியில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தேன். நினைத்தால் போய்வரலாம். அவளோ திருத்தணிப் பக்கத்து வாத்தியார் தேவானந்தத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நல்ல பையன்தான். ஆனால் வரும் ஏப்ரலில் எல்லை பிரித்து, திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, நாம் ஆந்திராவில் இருப்போம் என்று பேப்பரில் போட்டிருந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலாளி வரதராஜன் என்னைக் கேலி செய்தார்.

"உன் பொண்ண இன்னா பாகிஸ்தானுக்கா அனுப்புற? பஸ்சு ஓடிக்கினுதானே இருக்கப்போவுது."

அவருக்குப் பெண் பிள்ளை இல்லை.

எங்கள் சபைக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். போதகர் இருவர் பெயரையும் படித்து, இதற்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். அங்கே எழுந்து பேசினால் பெண்ணின் பெயர் கெடும். பெற்ற தகப்பன் அதைச் செய்யக்கூடாது. நோய்க்காரப் பெண் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே விலகிவிடுவார்கள் என்று தோன்றியது. கடையில் எலிக்கு வைக்கிற மருந்து இருந்தது. காபிக் கசப்பில் அது தெரியவில்லை.

முதல் ஓலைக்கு முந்தின நாள், நீ தைத்துக்கொண்டிரு, உருண்டையை நான் செய்கிறேன் என்றேன். கொஞ்சம்தான் போட்டேன். வாந்தி எடுத்தாள், கோயிலுக்கு வரவில்லை. தேவானந்தம் விலகவில்லை, ஆரஞ்சுப் பழத்தோடு பஸ் ஏறி வந்தான். இரண்டாம் ஓலைக்கும் அப்படியே படுத்தாள். அவன் தாய் ஜெயகுமாரி வந்து, அவள் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, எப்படி இருந்தாலும் இவள் எங்கள் வீட்டுப் பெண்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தம்மாவுக்கும் நான் காபி போட்டுக் கொடுத்தேன். அதில் ஒன்றும் கலக்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

இரண்டு முறையும் பலிக்காததால் மூன்றாம் முறை மருந்தைக் கூட்டினேன்.

மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிறு காலை அவள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தட்டைக் கேட்டாள். ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நைனா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அவரு இங்கயே வந்துட்றாராம். சித்தூர் ஸ்கூல்ல வேல கேட்டுக்கினு இருக்காரு. கல்யாணம் ஆனப்புறம் சொல்லலாம்னு இருந்தோம். நீ தனியா இருந்துக்கினு இன்னாத்தத் துன்னுவ?"

நான் தட்டைப் பார்த்தேன். அவள் ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்தாள்.

"இந்தத் தபாவும் கசக்குது. உன் கைக்கு டிகாஷன் எப்பவும் ஜாஸ்திதான்."

சிரித்தாள். கல்யாணத்துக்கு முன் பையன்கள் பலதும் சொல்வார்கள், அப்புறம் யார் வருகிறார்கள் என்று நினைத்தேன். அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. தகப்பன் இல்லாமல் ஓலை வாசித்தால் நன்றாக இருக்காது. தட்டை அவளுக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டுப் போனேன்.

போதகர் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். என் முழங்கால் தானாக நிமிரப் பார்த்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது தட்டு காலி. நான் செய்ததை மிச்சம் வைக்க அவளுக்கு மனம் வராது.

டாக்டர் காலரா என்றுதான் எழுதினார். உங்களிடம் நானாக வந்தது இந்தச் சத்தத்துக்காக. காபி வாசம் வந்தால் ஈர மணலில் யாரோ தட்டை இழுக்கிறார்கள். சுவரோரம் உட்கார்ந்து முகம் சுளிக்கிறாள், சிரிக்கிறாள், கசக்குது என்கிறாள். ஏன் என்று கேட்பதில்லை. நேற்று இந்த லாக்கப் தூசியில் அவள் பெயரை எழுதினேன். பாதியில் கையை எடுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பெயர் முழுதாக இருந்தது.

தபீதாளைக் கொன்றது நான்தான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சித்தூரிலேயே, கோயிலுக்குப் பின்னால் புதைத்திருக்கிறோம். எல்லை எங்கே விழுந்தாலும் இனி அவள் இந்தப் பக்கம்தான். தேவானந்தம் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். நான் தடுக்க மாட்டேன்.